பாதி சொன்னால் பாதி வைத்தியம்

ஆண்களும் பாலியல் தொழிலில் இருக்கிறார்கள் என்பதையே நம்மில் பலர் ஒப்புக்கொள்வதில்லை. அதனால் இவர்களுக்கு இரட்டை அடி. தொழிலைச் சொன்னால் ஒரு ஏச்சு, ஆண்களோடு உறவு என்று சொன்னால் இன்னொன்று. (வாடிக்கையாளரை மட்டும் யாரும் எதுவும் சொல்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா?)

மருத்துவரிடம் போனாலும் பலர் பாதிதான் சொல்கிறார்கள். "கண்ட இடத்துக்குப் போவீங்களா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டால் யார்தான் வாயைத் திறப்பார்? சிறுநீரை மட்டும் பரிசோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள். ஆனால் உடலுறவால் பரவும் கொனோரியா, கிளமீடியா போன்ற தொற்றுகள் தொண்டையிலோ ஆசனவாயிலோ எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கலாம். அந்தந்த இடத்தில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்தால்தான் தெரியும். எங்கே எடுப்பது என்று தெரிய, அவர் பேசியிருக்க வேண்டுமே.

இத்தனைக்கும் மருந்து இல்லாமல் இல்லை. எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் பிரெப் மாத்திரையை, ஆபத்து அதிகமுள்ள எல்லோருக்கும் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே பரிந்துரைத்துவிட்டது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆணுறை கிழிந்துவிட்டதா, உறவுக்குப் பிறகும் எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் பெப் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடலாம். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. ஆனால் "யாரிடம் போய்ச் சொல்வது" என்ற யோசனையிலேயே அந்த நேரம் ஓடிவிடுகிறது.

அப்புறம் போலீஸ். பையில் ஆணுறை இருப்பதையே தொழில் செய்ததற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்ட ஊர்கள் உண்டு. பிறகு எவன் அதைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புவான்?