ஒரே பேரிங்குக்கு எத்தனை பெயர்கள்

வணிகத் தரவு பெருகிவிட்டது என்ற பேச்சு எழும்போதெல்லாம் சேமிப்பிடத்தைப் பற்றியும் புதிய மென்பொருளைப் பற்றியுமே விவாதம் நடக்கிறது. கோயம்புத்தூரில் பம்ப்செட் உதிரிபாகங்களை மொத்த விற்பனை செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றியதில் நான் கண்டது வேறு. தரவு அதிகமாக இருப்பதைவிட, ஒரே பொருள் பல பெயர்களில் பதிவாகியிருப்பதே எங்களுக்குப் பெரும் தொல்லையாக இருந்தது.

6203 என்ற எண் கொண்ட பால் பேரிங்கை, அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் குண்டுகள் பொதிந்த வளையத்தை, எடுத்துக்கொள்வோம். உள்விட்டம் 17 மி.மீ., வெளிவிட்டம் 40 மி.மீ., அகலம் 12 மி.மீ. எந்த நிறுவனம் தயாரித்தாலும் இந்த அளவு மாறாது. இருபுறமும் தகட்டு மூடி இருந்தால் எண்ணுக்குப் பின்னால் இசட்இசட் என்றும், ரப்பர் மூடி இருந்தால் 2ஆர்எஸ் என்றும் குறிப்பார்கள். எங்கள் சரக்குப் பட்டியலிலோ இந்த ஒரு பேரிங் ‘பேரிங் 6203’, ‘6203 பால் பேரிங்’, ‘பி.பி. 6203 இசட்இசட்’, ‘6203இசட்’ என்று கிளைக்கொரு பெயரில் இருந்தது. ஈரோடு கிளை இருப்பு தீர்ந்துவிட்டதென்று கொள்முதலுக்கு எழுதும் அதே வாரத்தில், மதுரைக் கிடங்கில் அதே பேரிங் பெட்டி பெட்டியாகக் கிடக்கும். முதலாளி கேட்கும் இருப்பு அறிக்கை கணினியிலிருந்து நொடியில் வந்துவிடும். ஆனால் அதை நம்பி ஓர் ஆர்டர் போட முடியாது.

ஒத்த பெயர்களைத் தேடித் தரும் மென்பொருளை முதலில் பயன்படுத்திப் பார்த்தோம். எழுத்து ஒற்றுமையை மட்டுமே அது பார்ப்பதால் 6203ஐயும் 6303ஐயும் இணைக்கச் சொன்னது. இரண்டுக்கும் உள்விட்டம் ஒன்றுதான் என்றாலும், 6303இன் வெளிவிட்டம் 47 மி.மீ., அகலம் 14 மி.மீ.; ஒன்றன் இடத்தில் மற்றொன்று உட்காராது. ‘6203இசட்’ என்பது ஒருபுறம் மட்டும் மூடியுள்ள பேரிங்கா, அல்லது எழுதியவர் ஓர் எழுத்தை விட்டுவிட்டாரா என்பதையும் எந்த மென்பொருளும் சொல்லிவிட முடியாது. கிடங்குப் பொறுப்பாளர் பெட்டியைப் பிரித்து, வெர்னியர் அளவுகோலால் அளந்து, “இது வேற சார், சேர்க்காதீங்க” என்று சொன்ன பிறகே ஒவ்வொரு வரியையும் முடிவு செய்தோம். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருள் வாங்கினாலும் பயனில்லை என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

அதற்குப் பிறகு, புதிய பொருளைப் பட்டியலில் சேர்க்கும் உரிமையைத் தலைமை அலுவலகத்தில் ஒருவரிடம் மட்டும் வைத்தோம். வாடிக்கையாளரை நிற்க வைத்துக்கொண்டு அனுமதிக்குக் காத்திருக்க வேண்டுமா என்று கிளைகள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆகவே, கேட்டவுடன் பதில் தரும் பொறுப்பையும் அவருக்கே கொடுத்தோம். பழைய பெயர்களை அழிக்காமல் மாற்றுப் பெயர்களாக எங்கள் கணக்கு மென்பொருளான டேலியில் வைத்துக்கொண்டதால், கவுண்டரில் இருப்பவர் தமக்குப் பழகிய பெயரைத் தட்டினாலும் சரியான பொருளே திரையில் வரும்.

இதே சிக்கல் ஜி.எஸ்.டி.யில் பண இழப்பாக வந்து நின்றது. மாதக் கணக்கு தாக்கல் செய்யும் விற்பனையாளர்கள் 11ஆம் தேதிக்குள் தங்கள் விற்பனை விவரத்தைப் பதிய, அவற்றிலிருந்து நம் கொள்முதல்களைத் தொகுத்துக் காட்டும் 2பி அறிக்கை 14ஆம் தேதி கிடைக்கிறது. நாம் 20ஆம் தேதிக்குள் 3பி என்ற வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். 2022 ஜனவரி முதல், விற்பனையாளர் பதிந்து அந்த அறிக்கையில் இடம்பெற்ற பில்லுக்கு மட்டுமே உள்ளீட்டு வரி வரவு (கொள்முதலில் செலுத்திய வரியை நாம் கட்டும் வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியும் என்பதால், இடைப்பட்ட சில நாட்களில் அந்த மாதத்தின் கொள்முதல் பில்கள் அத்தனையையும் ஒப்பிட்டாக வேண்டும். விற்பனையாளர் ‘0045/23-24’ என்று பதிந்திருப்பார். நம் பதிவில் வெறும் ‘45’ இருக்கும். சென்னைக் கிடங்கிலிருந்து வந்த சரக்கை, 33 என்று தொடங்கும் தமிழ்நாட்டுப் பதிவெண்ணுக்குப் பதிலாக, அதே நிறுவனத்தின் 29 என்று தொடங்கும் கர்நாடகப் பதிவெண்ணில் ஏற்றியிருப்பார்கள். பில் எண்ணை அச்சில் உள்ளபடியே பதிவது, ஒப்பிடுவதற்கு மட்டும் சாய்கோடுகளையும் முன்பூஜ்ஜியங்களையும் நீக்கிய தனிப் பத்தி ஒன்றை வைப்பது, பதிவெண்ணைப் பில்லைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது ஆகிய பழக்கங்கள் வந்த பிறகுதான் அந்த நாட்களின் பதற்றம் குறைந்தது.

எக்செல் பற்றியும் சொல்ல வேண்டும். அதை நான் நாள்தோறும் பயன்படுத்துகிறேன். ஆனால் மூலத் தரவை அதில் வைப்பதை ஏற்க மாட்டேன். ஒரு தாளில் 10,48,576 வரிகளுக்கு மேல் கொள்ளாது. பழைய வடிவக் கோப்பில் 65,536தான். 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, பழைய வடிவக் கோப்பின் இந்த வரம்பால், 15,841 கொரோனா தொற்றாளர்களின் விவரத்தைத் தினசரிக் கணக்கில் சேர்க்கத் தவறியது. எங்கள் அளவில், இறக்கிய கோப்பைத் திறந்தவுடன் சரக்குப் போக்குவரத்துக்கான 12 இலக்க ஈ-வே பில் எண் 1.23E+11 போன்ற அடுக்குக்குறி எண்ணாகச் சுருங்குவதும், ‘5-12’ என்ற பில் எண் தேதியாக மாறுவதும் வழக்கம். கோப்பை நேரடியாகத் திறக்காமல், அந்தப் பத்திகளை எழுத்து வடிவமாக அறிவித்து உள்ளிழுத்தால் இது நேராது.

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டறிக்கைக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். நிறுவனச் சட்டம் எட்டு நிதியாண்டுகள் கேட்கிறது. காப்பு நகல் எடுப்பதைப் பலரும் செய்கிறார்கள். அதைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. நாங்கள் ஒவ்வொரு காலாண்டிலும் பழைய ஆண்டு ஒன்றின் நகலை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, அதன் இறுதி இருப்பைக் கணக்காய்வாளர் கையொப்பமிட்ட இருப்புநிலைக் குறிப்புடன் ஒப்பிட்டு, பொருந்தினால் மட்டுமே பதிவேட்டில் கையெழுத்திடுகிறோம்.