போயா நாளில பண்டி ரிப்ஸ்

எங்கட வீட்டில கோழி, ஆடு, நண்டு, கணவாய் எல்லாம் குசினிக்குள்ள வரலாம், பண்டி மட்டும் வாசலைத் தாண்டக் கூடாது. அம்மான்ர சட்டம். ஏன் எண்டு கேட்டா விளக்கம் எல்லாம் இல்லை, "என்ர சட்டியில வேண்டாம்", அவ்வளவுதான். அதால கொழும்பு வெள்ளவத்தையில எங்கட ஃபிளாட் மொட்டை மாடிதான் ரிப்ஸுக்குக் கிடைச்ச ஒரே இடம். வீட்டுக் கத்தி, தட்டு, ஏன் உப்புப் போத்தல் கூட மேல போகக் கூடாது எண்டதால பேசினில இருந்து கரண்டி வரைக்கும் புறக்கோட்டையில புதுசா வாங்கினது.

எங்கள் எல்லாருக்கும் ஒண்டா லீவு கிடைக்கிறது போயாவுக்குத்தான், அதான் பௌத்தக்காரரின்ர பௌர்ணமி நாள். ஆனா போயா எண்டா இறைச்சிக் கடை பூட்டு, பாரும் பூட்டு. ஆற அமர இருந்து சாப்பிட நேரம் இருக்கிற நாளில சாமான் இல்லை, என்ன டிசைனோ தெரியாது. சரி, முதல் நாளே வாங்கியாச்சு, எங்க வைக்கிறது? எங்கட பிரிட்ஜ் எண்ட கதையே இல்லை, கடைசியில கொட்டாஞ்சேனையில ஒரு ஃப்ரெண்ட் வீட்டு பிரிட்ஜில ராத்திரி தங்கிப்போட்டு விடிய த்ரீவீலரில மாப்பிள்ளை மாதிரி வந்திறங்கிச்சு.

அத்தான் இதில விஷயகாரன், சும்மா சொல்லக் கூடாது. ரிப்ஸின்ர பின்பக்கம் எலும்போட ஒட்டி ஒரு வெள்ளைச் சவ்வு இருக்கும், அதை எடுக்காட்டி மசாலாவும் சுவறாது, வெந்தாப் பிறகும் சப்பச் சப்ப இழுபடும். கரண்டிப் பிடியால ஒரு மூலையைக் கிளப்பி, வழுக்காம டிஷ்யூவால பிடிச்சு ஒரே இழுவை, சர்ர்ர் எண்டு முழுசா உரிஞ்சு வந்துது. பிறகு மிளகு, உள்ளி, கறுவா, மிளகாய்த்தூள், கொறுக்காய்ப் புளி எல்லாம் அரைச்சுப் பூசினது. கித்துள் பாணியை மட்டும் கிட்ட விடேல்ல, இனிப்பு முதல்லயே பூசினா கரிஞ்சு கசக்கும், கடைசி அரை மணித்தியாலத்திலதான் அதுக்கு வேலை.

பாதியா வெட்டின தகரப் பீப்பாவில ஒரு பக்கம் சிரட்டைக்கரி, மற்றப் பக்கம் இறைச்சி, கீழ தண்ணித் தட்டு, மேல மூடி. சூடு 110, 120 டிகிரியில நாலஞ்சு மணித்தியாலம் நிக்கோணும். 63 டிகிரி உள்ள ஏறி ஒரு மூண்டு நிமிஷம் ஆறினாலே சாப்பிடப் பயமில்லையாம், ஆனா பல்லுக்குத்தான் பயம், எலும்போட இருக்கிற நார் இளகி ஜெலட்டின் ஆக 90க்கு மேல போகோணும்.

"மூடியைத் திறக்காதேங்கோ" எண்டு அத்தான் சொன்னதுதான் தாமதம். மச்சாள் திறந்து போட்டோ எடுத்தா. சித்தப்பா திறந்து மணந்து பார்த்து "இன்னும் இல்லை" எண்டு தீர்ப்புச் சொன்னார். பெடியள் திறக்கிறதுக்கு ஒரு காரணமும் இல்லை, திறந்தாங்கள். ஒவ்வொருக்காலும் சூடு புஸ்ஸெண்டு போக அத்தான் திரும்பக் கரி போட்டு விசிற, கடல் காத்து வேற அந்தப் புகையை நேரா மூண்டாம் மாடிக்கு அனுப்பி வைக்குது.

மூண்டாம் மாடி அங்கிள் ஏறி வந்தார். "தம்பி, போயாவும் அதுவுமா என்ன இது?" எண்டு முகத்தை இறுக்கி வைச்சுக் கொண்டு நிண்டார், பண்டி எண்டு சொன்னதும் கொஞ்ச நேரம் கதையில்லை. பிறகு மெதுவா கதிரையை இழுத்துப் போட்டு, "ஆன்டிக்குச் சொல்லிப் போடாதேங்கோ" எண்டார்.

நாலு மணிக்கு எலும்பு நுனி வெளிய தெரிய, பாணி பூசின மேல்பக்கம் கறுப்பும் சிவப்புமா மினுங்குது, தூக்கினா நடுவில வளையுது. முதல் துண்டை வெட்டி அங்கிளின்ர தட்டில வைச்சதுதான், மதில்ல இருந்த காகம் ஒண்டு தூக்கிக் கொண்டு மரைன் டிரைவ் பக்கம் போயிட்டுது. அங்கிள் வெறும் தட்டைப் பிடிச்சபடி அத்தானைப் பாக்கிறார். அதுகளில பிழை இல்லை, அம்மா நாள் தவறாம அதே மதில்லதான் காகத்துக்குச் சோறு வைக்கிறவ. மிச்சத்தைக் குடையை விரிச்சுப் பிடிச்சு அதுக்குக் கீழ இருந்து சாப்பிட்டம். எலும்பைப் பிடிச்சுத் திருப்ப இறைச்சி தானா கழண்டு வந்துது, அங்கிள் மூண்டு தரம் வாங்கினவர்.

அடுத்த நாள் அம்மா சோறு வைச்சிட்டு "கா கா" எண்டு கூப்பிட்டா. வந்து பாத்துதுகள், சோத்தில வாய் வைக்கேல்ல, தண்ணித் தாங்கியில வரிசையா இருந்து பீப்பா நிண்ட மூலையையே பாத்துக் கொண்டு இருந்துதுகள்.

"என்னடா, நேற்று இதுகளுக்கு என்ன குடுத்தனீங்கள்?"

எனக்கு உடனே ஆபீஸ் கோல் ஒண்டு வந்திட்டுது.