ரிப்போர்ட் எல்லாம் நார்மல்

மூட்டுவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் ஈ.எஸ்.ஆர்., தைராய்டு, எல்லா ரத்தப் பரிசோதனையும் நார்மல். "சந்தோஷப்படுங்கம்மா" என்றார் டாக்டர். நான் லேப் வாசலில் நின்று அழுதேன். பெயருள்ள ஒரு நோயாவது வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

கழுத்தில் தொடங்கிய வலி எட்டு மாதத்தில் தோள், இடுப்பு, தொடை என்று பரவிவிட்டது. இரவு முழுக்கத் தூங்கி எழுந்தாலும் அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். இட்லிப் பானையை இறக்க மகனைக் கூப்பிட வேண்டும். மாமியார் "உன் வயசுல நான்..." என்று ஆரம்பிப்பார். எழுந்து போய்விடுவேன்.

நான்காவதாகப் பார்த்த மூட்டுவாத மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்தார். உடம்பை 19 இடங்களாகப் பிரித்திருந்தார்கள். போன வாரம் வலித்த இடங்களில் டிக் போட வேண்டும். எனக்கு 14. அசதி, தூக்கம், மறதி இவற்றுக்குத் தனி மதிப்பெண். மூன்று மாதத்துக்கு மேலாக இப்படி என்றால் ஃபைப்ரோமயால்ஜியா, உடம்பெங்கும் பரவும் நாள்பட்ட வலி நோய். அதைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனையே கிடையாதாம். இத்தனை நாள் எடுத்ததெல்லாம் வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்யத்தான்.

அப்புறம் மனநிலை பற்றி இன்னொரு தாள், 9 கேள்விகள். கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்பது. 'சில நாட்கள்' என்பதில் டிக் போட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லாதது. மகனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அதைப் பற்றித்தான் அவர் முதலில் விசாரித்தார்.

டுலாக்ஸிடின் 30 மி.கி. எழுதினார். வீட்டுக்கு வந்து கூகுளில் பார்த்தால் மனச்சோர்வு மாத்திரை! இவரும் 'எல்லாம் மனசுதான்' கட்சியா என்று ஆத்திரம். ஒரு வாரம் அட்டையைப் பிரிக்கவே இல்லை.

திரும்பப் போய்ச் சண்டையே போட்டேன். பொறுமையாகச் சொன்னார். இந்த மாத்திரை கூட்டும் மூளை ரசாயனங்களான செரட்டோனினும் நார்எபிநெஃப்ரினும் மனநிலையோடு நிற்பதில்லை. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும், வலியை அடக்கும் பாதையிலும் வேலை செய்கின்றன. அமெரிக்காவில் இதே மாத்திரைக்கு 2004இல் மனச்சோர்வுக்கும், 2008இல் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கும் அனுமதி கொடுத்தார்களாம். வலியால் சோர்வா, சோர்வால் வலியா என்றேன். "ரெண்டும் ஒன்னையொன்னு வளர்க்கும்மா. எது முதல்னு தேடாதீங்க, ரெண்டையும் சேர்த்துப் பார்ப்போம்."

முதல் வாரம் ஒரே குமட்டல். கூடவே தினம் பத்து நிமிட நடை. மாத்திரையைவிட அதுதான் கஷ்டம்.

ஐந்து மாதமாகிறது. போன முறை 10 இடங்களில் டிக். கடைசிக் கேள்விக்கு 'இல்லை'. இட்லிப் பானையை இன்னும் மகன்தான் இறக்குகிறான்.