கண் மஞ்சளானால் கீழ்காய்நெல்லியோடு நின்றுவிடாதீர்கள்

திருகோணமலையில் யாருக்காவது கண் மஞ்சளானால் முதலில் வரும் சொல் செங்கமாரி, அடுத்தது கீழ்காய்நெல்லி. இளம் பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு வரும் மஞ்சள் பெரும்பாலும் வைரஸ் தொற்று, தானாகவே மாறிவிடும், ஆனால் பெயர் சாற்றுக்குப் போய்விடும். ஐம்பது அறுபது வயதைத் தாண்டியவருக்கு, காய்ச்சலும் இல்லாமல் நோவும் இல்லாமல் கண் மஞ்சளானால், தயவுசெய்து சாறு அரைத்துக்கொண்டு நாட்களைக் கடத்தாதீர்கள். பித்தக்கல்லாக இருக்கலாம், கணையத்தில் புற்றுநோய்க் கட்டியாகவும் இருக்கலாம்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்கே கிடக்கிறது, 15 சென்டிமீட்டர் அளவில். செமிபாட்டு நொதிகளும் இன்சுலினும் அங்கேதான் சுரக்கின்றன. ஈரலில் இருந்து வரும் பித்தக்குழாய் அதன் தலைப்பகுதியைக் கடந்துதான் குடலுக்குப் போகும். கணையக் கட்டிகளில் பாதிக்கு மேல் அந்தத் தலைப்பகுதியில்தான் வருகின்றன. கட்டி குழாயை நெரித்தால் பித்தம் இரத்தத்தில் கலந்து கண் மஞ்சளாகும், சலம் பிளேன்டீ நிறத்தில் போகும், மலம் வெளிறும், உடம்பெல்லாம் கடிக்கும்.

கட்டி வால்பக்கம் இருந்தால் மஞ்சள்கூடச் சீக்கிரம் வராது. உப்புவெளியில் இருந்த என் பெரியப்பாவுக்கு அப்படித்தான். மேல்வயிற்று நோ முதுகுக்குப் போகும், மல்லாந்து படுத்தால் கூடும், அதனால் இரவில் கட்டில் விளிம்பில் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு முன்னால் குனிந்தபடியே இருப்பார். மாதக்கணக்காகக் காஸ்ரிக் குளிசைதான். அதே வருடம் சீனி வருத்தமும் புதிதாக வந்தது, மெலிவதை எல்லாரும் சீனியின் தலையில் போட்டோம். பெரியம்மா மட்டும், "சீனிக்காரர் இப்பிடி மெலியிறேல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தா. கடைசியில் அவ சொன்னதுதான் சரி.

சீனி வருகிற எல்லாருக்கும் இந்தப் புற்றுநோய் இல்லை, மிகச் சிலருக்குத்தான். ஆனால் ஐம்பதுக்கு மேல் திடீரென்று சீனி வந்து, கூடவே எடையும் இறங்கினால் கணையத்தைப் பற்றி டொக்டரிடம் கேட்டே ஆகவேண்டும். மலம் எண்ணெய்ப் பிடிப்பாக மிதந்து, தண்ணீர் ஊற்றியும் போகாமல் நிற்பதும் ஓர் அறிகுறி. சொல்ல வெட்கப்பட்டுப் பலர் மறைத்துவிடுகிறார்கள்.

அப்புறம், சாதாரண வயிற்று ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் முழுதாக நம்பிவிட முடியாது, குடலில் உள்ள காற்று கணையத்தை மறைத்துவிடும். சிடி ஸ்கேன்தான் தெளிவாகக் காட்டும். கண்டுபிடிக்கும்போது சத்திரசிகிச்சை செய்யக்கூடிய நிலையில் இருப்பவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுதான், மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஏறிப்போகும் நேரத்தில் பலருக்கு அது ஈரலுக்கும் பரவியிருக்கும். புகைப்பவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெற்றிலையோடு போடும் புகையிலையும் பாதுகாப்பானது அல்ல.

கிளினிக்குக்குப் போனால் "காஸ்ரிக் டொக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எத்தனை கிலோ இறங்கியது, சலம் என்ன நிறம், படுத்தால் நோ கூடுகிறதா, சீனி எப்போது வந்தது, குடும்பத்தில் யாருக்காவது இந்த வருத்தம் இருந்ததா, இதையெல்லாம் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்.