12 வோல்ட்டை எந்த இடத்தில் அளப்பது?

நண்பர் ஒருவர் கல்யாண ஆல்பம், வீடியோ வேலை செய்கிறார். அவருடைய கணினியில் பெரிய வீடியோவை ரெண்டர் போட்டால் (எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றவிட்டால்) சில நிமிடங்களில் திரை கறுத்துவிடும், கிராபிக்ஸ் கார்டின் ஃபேன் முழு வேகத்தில் இரையும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால்தான் அடங்கும். கடையில் காட்டியிருக்கிறார். அங்கே வோல்டேஜ் காட்டும் மென்பொருளைத் திறந்து, "12 வோல்ட் வரவேண்டிய இடத்துல 10.87 தான் வருது, எஸ்எம்பிஎஸ் மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்கள். எஸ்எம்பிஎஸ் என்பது கணினிக்குள் இருக்கும் மின்சப்ளைப் பெட்டி. புதிதாக வாங்குவதற்கு முன் மீட்டர் வைத்துப் பார்த்துவிடலாம் என்றேன்.

அந்த 10.87 மீது எனக்குச் சந்தேகம் இருந்தது. மதர்போர்டில் உள்ள கண்காணிப்புச் சிப்பால் 12 வோல்ட்டை நேராக அளக்க முடியாது. இரண்டு ரெசிஸ்டர்கள் வழியாக அதைச் சின்ன வோல்டேஜாகக் குறைத்துத்தான் சிப்புக்குக் கொடுப்பார்கள். சிப் சொல்வதை மென்பொருள் ஓர் எண்ணால் பெருக்கித் திரையில் காட்டும். அந்தப் பெருக்கல் எண் போர்டுக்குப் போர்டு மாறும். அது தவறாக இருந்தால் திரையில் வருவதும் தவறுதான். இன்னொரு விஷயம், கணினி சும்மா இருந்தாலும் ரெண்டர் ஓடினாலும் அந்த எண் அசையவே இல்லை. லோடு தாங்காத சப்ளை என்றால் லோடு ஏறும்போது எண் இறங்க வேண்டுமே!

மீட்டரை நம்புவதற்கு முன் மீட்டரையே பார்க்க வேண்டும். மலிவான டிஜிட்டல் மல்டிமீட்டரில் 9 வோல்ட் பேட்டரி தளர்ந்திருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். அதனால் முதலில் புது பேட்டரி போட்டேன். சாதாரண மீட்டரின் துல்லியம் 20 வோல்ட் வரம்பில் 0.5 சதவீதமும் கடைசி இலக்கத்தில் இரண்டும் என்று எடுத்துக்கொண்டால், 12 வோல்ட்டில் ஏறத்தாழ 0.08 வோல்ட் இப்படி அப்படி இருக்கலாம். எலக்ட்ரீஷியன் ஒருவரின் நல்ல மீட்டரையும் வாங்கி, ஒரே இடத்தில் இரண்டையும் வைத்து ஒத்துப்பார்த்துக்கொண்டேன்.

கணினி எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் தரவிதியின் 2.x பதிப்புகளின்படி 12, 5, 3.3 வோல்ட் மூன்றுக்கும் 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். அதாவது மஞ்சள் கம்பியில் 11.40 முதல் 12.60 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.46 வரை. நீலக் கம்பியில் வரும் மைனஸ் 12க்கு மட்டும் 10 சதவீதம். கம்பிகள் எல்லாம் ஒரே கறுப்பாக இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் நிறத்தை நம்ப முடியாது, பின்னை எண்ணித்தான் பார்க்க வேண்டும். மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரில் 10, 11 இரண்டும் 12 வோல்ட்.

பச்சைக் கம்பியையும் கறுப்பையும் சேர்த்து எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக ஓடவிட்டுப் பார்க்கும் பழக்கம் பல கடைகளில் உண்டு. அது உயிரோடு இருக்கிறதா என்று மட்டும்தான் அதில் தெரியும். லோடு இல்லாதபோது மோசமான சப்ளைகூட 12.1 காட்டும். எனவே எல்லாவற்றையும் மாட்டியபடியே, கணினி ஓடும்போது, கனெக்டரின் பின்பக்கம் கம்பி நுழையும் துளையில் புரோப்பை (மீட்டர் கம்பியின் உலோக முனையை) நுழைத்து அளந்தேன். புரோப் நுனியில் 5 மில்லிமீட்டர் தவிர மீதி முழுவதும் டேப் சுற்றிக்கொண்டேன். நுனி வழுக்கிப் பக்கத்துப் பின்னைத் தொட்டால் 12 வோல்ட் 5 வோல்ட் வழியில் பாய்ந்து, மாட்டியிருப்பதெல்லாம் கருகிவிடலாம். எஸ்எம்பிஎஸ் மூடியை மட்டும் திறக்கவே கூடாது. உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும்.

24 பின்னில் சும்மா இருக்கும்போது 12.06 வந்தது. கிராபிக்ஸ் கார்டை முழுதாக வேலைவாங்கும் ஃபர்மார்க்கையும், பிராசஸரை அப்படி வேலைவாங்கும் பிரைம்95ஐயும் சேர்த்து ஓடவிட்டபோது 11.92. சிவப்பும் ஆரஞ்சும் அசையவே இல்லை. ஆக, மீட்டர் காட்டும் வரையில் எஸ்எம்பிஎஸ் மீது குற்றமில்லை.

ஆனால் திரை கறுப்பது நிஜம். அடுத்து கிராபிக்ஸ் கார்டின் 6 பின் கனெக்டரிலேயே புரோப்பை வைத்தேன். அங்கே 11.28. அந்தக் கார்டை மாட்டிக்கொடுத்தவர், பழைய ஹார்டு டிஸ்க்குகளுக்குப் போகும் நான்கு பின் கனெக்டரிலிருந்து ஒரு மாற்று கேபிள் வழியாக அதற்கு கரண்ட் கொடுத்திருந்தார்.

இந்த இடத்தில் இரண்டு அளவுகளைக் கழித்துப் பார்ப்பதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. மீட்டரை 2 வோல்ட் வரம்புக்கு மாற்றி, ஒரு புரோப்பை 24 பின்னின் மஞ்சளிலும் இன்னொன்றைக் கார்டின் மஞ்சளிலும் வைத்தால், வழியில் எவ்வளவு தொலைகிறது என்பதை மீட்டர் நேராகவே சொல்லிவிடும். மீட்டரின் 0.08 பிழை இதில் ஒட்டுவதில்லை. மஞ்சளில் 0.38 வந்தது. அதேபோல் கறுப்பிலிருந்து கறுப்புக்கு 0.26. பலரும் மஞ்சளை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். போன கரண்ட் முழுவதும் கறுப்பு வழியாகத்தானே திரும்ப வேண்டும்? இரண்டும் சேர்ந்து 0.64 வோல்ட். 6 பின் வழியாகக் கார்டு இழுக்கக்கூடிய 75 வாட், அதாவது 6 ஆம்பியர் போல என்று வைத்தால், 4 வாட் வெறும் கம்பியிலும் கனெக்டரிலும் சூடாகப் போகிறது. தொட்டால் கை உணரும் அளவுக்குச் சுட்டது. கழற்றிப் பார்த்தால் ஒரு பின் பழுப்பேறி, பிடி தளர்ந்து கிடந்தது.

எஸ்எம்பிஎஸ்ஸிலேயே கிராபிக்ஸ் கார்டுக்கென்று 6 பின் கேபிள் இருந்தது, கேபினட்டின் பின்பக்கம் டை போட்டுச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். அதை அவிழ்த்து மாட்டினேன். அதே லோடில் மொத்த இழப்பு 0.11 ஆக இறங்கியது, கார்டுக்கு 11.81 கிடைத்தது. அன்று இரவு முழுவதும் ரெண்டர் போட்டுவிட்டோம், திரை கறுக்கவில்லை.

இதிலும் சரியாகியிருக்காவிட்டால் அடுத்து ரிப்பிள்தான். மீட்டர் காட்டுவது சராசரி மட்டுமே. அதன் மேல் ஏறி நிற்கும் அலைவு 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட்டையும், 5லும் 3.3லும் 50 மில்லிவோல்ட்டையும் தாண்டக்கூடாது. அதைப் பார்க்க வோல்டேஜின் அலைவைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும், 20 மெகாஹெர்ட்ஸுக்கு மட்டுப்படுத்தி, புரோப் முனையில் 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரையும் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரையும் இணையாகப் போட்டு அளக்க வேண்டும். அப்புறம், கெப்பாசிட்டர் உப்பிய பழைய எஸ்எம்பிஎஸ் மீட்டரில் 12.00 காட்டியே கணினியைத் தொங்கவைக்கும். மீட்டரில் எல்லாம் சரியாக இருந்து, கேபிள் இழப்பும் இல்லாமல், கணினி மட்டும் விழுந்துகொண்டே இருந்தால், வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை ஒருநாள் மாட்டிப் பார்ப்பதுதான் ஸ்கோப் இல்லாதவர்களுக்கு உள்ள வழி.