உப்புக் காற்றும் புதுக் கேமராவும்

தனுஷ்கோடியில் லென்ஸ் மாற்றக் கூடாது என்பதைக் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். போன ஜனவரியில் கோதண்டராமர் கோயில் பக்கம் தண்ணீரில் பூநாரைகள் இறங்கியிருந்தன. அவசரத்தில் சின்ன லென்ஸைக் கழற்றிப் பெரிய ஜூமை மாட்டினேன். அந்தப் பத்து நொடியில் வாடைக்காற்று மணலை உள்ளே ஊதிவிட்டது. எடுத்த அத்தனை படத்திலும் வானத்தில், ஒரே இடத்தில், எள்ளளவு கரும்புள்ளி. "அது காக்காயாண்ணே?" என்றான் கூட வந்த தம்பி.

பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவில், படம் பதியும் சென்சாருக்கு முன்னால் கண்ணாடியும், திறந்து மூடும் ஷட்டரும் காவல் நிற்கும். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் வெட்டவெளிதான். கேனான் 2018இல் ஈஓஎஸ் ஆர் கேமராவை அணைத்தால் ஷட்டர் மூடிக்கொள்ளும்படி செய்தது. 2023இல் வந்த நிக்கான் இசட்8இல் இயந்திர ஷட்டரே கிடையாது. சென்சாரை மறைக்கத் தனித் திரை உண்டு. நான் அதைத்தான் வாங்கினேன். வேகத்துக்காக என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அந்தத் திரைக்காக.

ஆனால் உப்பை எந்தத் திரையும் தடுக்காது. வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவைத் துடைக்கிறேன். முக்காலியின் கால்களை நீட்டிக் கழுவிக் காயவைக்கிறேன். பிறகு எல்லாம் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு அம்மாவின் முறுக்குச் சம்படத்துக்குள் போகின்றன. முறுக்கு இப்போது பிளாஸ்டிக் பையில் நமத்துக் கிடக்கிறது. அம்மா இன்னும் பேசவில்லை.