ரெண்டு நாளைக் காலி பண்ணின லைன்

காலைலதான் வந்து இறங்கினேன், பையைக்கூட இன்னும் பிரிக்கல, ஆனா சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடணும். ஆறு நாள் கடல் ஃப்ளை ஃபிஷிங் (கொக்கியில இறகு, நூல் கட்டின போலி இரைதான் ஃப்ளை, லைனோட எடையால அதை வீசி மீன் பிடிக்கறது), அதுல முதல் ரெண்டு நாள் அப்படியே போச்சு, நான் எடுத்துட்டுப் போன லைனால.

எட்டாம் வெயிட் ராடுக்கு (நடுத்தர பலமுள்ள தூண்டில் கழி) ஆத்துல போடற குளிர் தண்ணி லைன் ஏற்கனவே இருந்துச்சு. டிக்கெட்டுக்கே கை காலியாயிடுச்சு, இன்னொன்னு எதுக்குன்னு அதையே சுத்திட்டேன். வெயில் ஏற ஏற மேல்பூச்சு இளகி தொளதொளன்னு ஆகி ராட் வளையத்துல ஒட்டுது, 60 அடி போகவேண்டியது 35 அடியில விழுது, முன்னாடி முழங்கால் அளவு தண்ணில நாலு போன்ஃபிஷ் (வெள்ளி நிறக் கடல் மீன்) வாலைத் தூக்கிட்டு மேயுது, எட்டவே இல்ல. அழுகையே வந்துடுச்சு.

மூணாம் நாள் கைட் தன்னோட ட்ராபிக்கல் லைன் போட்ட ரீலைக் கொடுத்தார். உள்ள இருக்கற கோர் விறைப்பு, பூச்சும் கெட்டி, வெயில்ல அசையவே இல்ல, அம்பு மாதிரி போகுது. (இதையே குளிர் ஊருக்குக் கொண்டுபோனா ஸ்ப்ரிங் மாதிரி சுருண்டுக்கும், அங்க இது ஆகாது.) ஆழமில்லாத இடத்துக்கு மிதக்கற லைன்தான். அலை அடிக்கற கரைன்னா மெதுவா முங்கற இன்டர்மீடியட் எடுங்க, மிதக்கற லைனை அலை இழுத்துட்டுப் போயிடும்.

படகுக்காரர் கதை வேற. ஏறும்போது ஒரு தொகை சொன்னார், இறங்கும்போது ராட் ட்யூபுக்குத் தனி சார்ஜுன்னுட்டார், தோள்ல மாட்டிட்டு வந்த ட்யூபுக்கு! சுத்தப் பகல் கொள்ளை, அந்தக் காசுல பாதி லைன் வாங்கியிருக்கலாம்.

ஃப்ளைக்கு வருவோம். 60 ஃப்ளை வாங்கிட்டுப் போனேன், வேலை செஞ்சது அஞ்சு. கலரைவிட எடைதான் முக்கியம்னு இப்ப அடிச்சுச் சொல்வேன். ஈயக் கண்ணு வச்ச க்ளவுசர்ங்கற கனமான ஃப்ளையை கணுக்கால் தண்ணில போட்டேன், டொப்புனு ஒரு சத்தம், மொத்தக் கூட்டமும் புழுதி கிளப்பிட்டு ஓடிடுச்சு. அதே இடத்துல லேசான பீட் செயின் மணியைக் கண்ணா வச்ச க்ரேஸி சார்லிங்கற ஃப்ளை, மணல் கலர், சத்தமே இல்லாம இறங்குச்சு. 1977ல பஹாமாஸோட ஆன்ட்ரோஸ் தீவுல பாப் நௌஹெய்ம் கட்டினது, சார்லிங்கற பேரு அங்க கைடா இருந்த சார்லி ஸ்மித்தோடது. கண்ணோட எடையால கொக்கி தலைகீழாத் திரும்பி, முனை மேல பாத்துட்டே வரும், அதனால அடியில மாட்டாது.

ரெண்டு தடவை சின்னதா இழுத்தேன், மீன் திரும்புச்சு, மூக்கைக் குத்தி வாலைத் தூக்குச்சு. ராடைத் தூக்காம கையாலயே லைனை இழுத்துக் கொக்கியைப் பதிச்சேன், அவ்ளோதான், லைன் மொத்தமும் போய் அதுக்குப் பின்னாடி ரீல்ல சுத்தியிருக்கற பேக்கிங் நூலும் கரையுது, ரீல் கத்துது, எனக்குக் கால் நடுங்குது!

க்ளவுசரைக் குறை சொல்லல, இடுப்பளவு தண்ணில அதுதான் ராஜா. நண்டு ஃப்ளையும் ரெண்டு மூணு வச்சுக்கோங்க, போட்டுட்டு அசைக்காம விடணும், இழுத்துட்டே இருந்தா மீனுக்குச் சந்தேகம் வந்துடும்.

வயித்தெரிச்சல் ஒன்னு பாக்கி. ஈர ஃப்ளையை அப்படியே பாக்ஸ்ல திரும்பப் போட்டேன், நாலாம் நாள் தொடாததுலயும் துரு. பாதி பாக்ஸ் போச்சு, அத்தனையும் காசு. சாயங்காலமே நல்ல தண்ணில அலசிக் காயவச்சிடுங்க.

ரீலையும் இப்பவே கழுவணும், உப்பு காஞ்சா ட்ராக் (மீன் ஓடும்போது ரீலைப் பிடிக்கற பிரேக்) போயிடும். மிச்சத்தை அப்புறம் எழுதறேன்.